சத்தத்திற்கும் ஒரு கணக்கு உண்டு

அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். என் தங்கை மகன் வந்தான். எட்டு ஆண்டுகளாகத் துபாயில் பணிபுரிகிறவன். இரண்டு மாத விடுமுறையில் ஊர் வந்திருந்தான். கையில் ஒரு தாள் இருந்தது.

"மாமா, இதுல எது நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்று நீட்டினான்.

மனை வாங்கப்போகிறானோ, வீடு கட்ட வரைபடம் போட்டிருக்கிறானோ என்று எண்ணியவாறே மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன். மனையும் இல்லை, வீடும் இல்லை! அவன் வாங்கியிருந்த காருக்குச் சைலன்சர் மாற்றுவதற்காக வெளியூர்ப் பட்டறை ஒன்று அனுப்பியிருந்த விலைப்பட்டியல் அது. மூன்று விதமான அமைப்புகள். மூன்று விதமான விலைகள்.

அவன் என்னிடம் வந்ததில் தவறில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் அவன் அறியாத வேறொரு தகுதியும் எனக்கு உண்டு. சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவை அதிர வைத்த இளைஞன் ஒருவன் இந்த மேலப்பாளையத்தில் ஒரு காலத்தில் இருந்தான். அவன் நான்தான். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி என் மருமகனோடு நிற்பதில்லை. பிள்ளைகள் வியர்வை சிந்திச் சம்பாதித்து ஆசையாய் வண்டி வாங்குகிறார்கள். புல்லட்டாக இருந்தாலும் காராக இருந்தாலும் அடுத்த ஆசை சைலன்சரில்தான் போய் நிற்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிகிறது; 'ஏன் வேண்டாம்' என்று சொல்லத் தெரிவதில்லை. காரணம் சொல்லப்படாத தடையைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

புகைக்குழாய் என்ன செய்கிறது?

அவன் வாங்கியிருந்தது ஹூண்டாய் ஐ20 என் லைன் என்னும் கார். 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமானது. நம் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரிக்கப்பட்டது. இவன் வாங்கியது ஒருவர் ஓட்டிய பழைய வண்டி. இருவர் மட்டுமே அமரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும் அசல் ஸ்போர்ட்ஸ் கார் அன்று. குடும்பக் காருக்குள் ஓட்டப்பந்தய வீரனின் இதயத்தை வைத்தது போன்றது. இன்ஜினின் கொள்ளளவு 998 சி.சி.தான். ஆனால் டர்போவின் துணையால் ஏறத்தாழ 118 குதிரைத்திறனைத் தருகிறது. நான் இளமையில் ஓட்டிய 346 சி.சி. புல்லட் தந்தது வெறும் 18 குதிரைத்திறன் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்; வியப்பாக இருக்கிறது!

"மருமகனே, முதலில் வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்று. கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் எதை எறிவது என்று முடிவு செய்வோம்" என்றேன். என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். வண்டிக்கு அடியில் நின்றபடி, வகுப்பில் சொல்வதைப் போலவே அவனுக்குச் சொன்னேன்.

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் எரிகின்றன. எரிந்த புகை, வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் மிகுந்த அழுத்தத்தோடும் கடும் வெப்பத்தோடும் வெளியே பாய்கிறது. ஒரு பலூன் வெடிப்பது போன்ற ஓசை அது. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. அந்தப் புகை முதலில் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் பெட்டிக்குள் நுழைகிறது. தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட அதன் உட்புறத்தில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடையும், எரியாமல் எஞ்சிய பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது பெருமளவு தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றிவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சென்சார்கள் காவலிருக்கின்றன. இன்ஜினை ஆளும் கணினிக்கு அவைதாம் செய்தி சொல்கின்றன.

அதன் பின்னர் ரெசனேட்டர் என்னும் சிறு உருளை வருகிறது. காதைக் குடையும் சில குறிப்பிட்ட ஓசைகளை மட்டும் அது அடக்குகிறது. கடைசியாக, நாம் பொதுவாகச் சைலன்சர் என்று சொல்லும் மஃப்ளர். அதன் அறைகளிலும் துளைக்குழாய்களிலும் முட்டி மோதி, ஓசை தன் வேகத்தை இழந்து வெளியேறுகிறது.

"இதில் தேவையில்லாதது எது, சொல்" என்றேன். அவன் சிரித்தான். "தேவையில்லாததுன்னு இல்ல மாமா. சத்தம் கொஞ்சம் கம்பீரமா இருக்கணும், அவ்வளவுதான்."

மூன்று வழிகள்

பட்டியலில் இருந்த முதல் வழி மலிவானது. பின்னாலுள்ள மஃப்ளரை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நேர்க்குழாயை வைத்துப் பற்றவைத்துவிடுவது. இதனால் திறன் கூடுவதாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் செவியின் மயக்கமே. சத்தம் கூடியதும் வேகம் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. மேலும் பற்றவைப்பு சரியாக அமையாமல் இடையில் கசிவு ஏற்பட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே புகக்கூடும். குழந்தைகளோடு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பயணம் செய்கிறவர்கள் இதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது, கேட்-பேக் என்று சொல்லப்படும் அமைப்பு. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடாமல், அதற்குப் பின்னாலுள்ள குழாய் முழுவதையும் மாற்றிவிடுவது. பட்டியலில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு, இரண்டரை அங்குலக் குழாய் என்று போட்டிருந்தது. மூன்றிலும் யோசிக்கத் தக்கது இது ஒன்றே. பொருள் நல்ல பொருள், துருவைத் தாங்கும். ஆனால் இதிலும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். டர்போ இல்லாத சாதாரண இன்ஜினில் குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த வேகத்தில் இழுவை குறைந்துவிடும். டர்போ உள்ள இன்ஜினுக்கு டர்போவைத் தாண்டியபின் வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது உண்மைதான். எனினும் இன்ஜின் கணினியில் மாற்றம் செய்யாமல் பின்குழாயை மட்டும் மாற்றினால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போதுகூட அது தெரியாது.

மூன்றாவது வழி, டர்போவை ஒட்டிய டவுன்பைப் என்னும் குழாயையே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாததாக மாற்றி, கணினியின் நிரலையும் திருத்தி எழுதுவது. இதில் திறன் உண்மையாகவே கூடும். ஆனால் நச்சுப்புகையை வடிகட்டும் உறுப்பையே பிடுங்கி எறிந்துவிட்டு அந்தத் திறனைப் பெறுகிறோம்! 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளின்படி தயாரான வண்டியைப் பல தலைமுறை பின்னுக்குத் தள்ளுவதாகும் இது. பின்னால் ஸ்கூட்டரில் வருகிற தாயும், அவள் மடியிலிருக்கும் பிள்ளையும் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். மூன்றாவது வழியைப் பேனாவால் அடித்துவிட்டேன். முதல் வழியையும் அடித்தேன். அவன் முகம் வாடவில்லை. அவன் மனத்தில் இருந்தது இரண்டாவதுதான்.

"இதே செட்டை என் சினேகிதன் ஒருத்தன் பாளையங்கோட்டையில போட்டிருக்கான் மாமா. ரெண்டு நாளைக்கு வண்டியைத் தர்றேன்னு சொன்னான். நீங்க ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றான்.

கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஒப்புக்கொண்டேன்.

ஆற்றங்கரைச் சாலையில்

மறுநாள் காலை அம்பாசமுத்திரம் சாலையில் புறப்பட்டோம். பத்தமடையைக் கடந்து, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சி நோக்கி ஓட்டினான். கன்னடியன் கால்வாய் பாய்கிற வயல்கள் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தன. எதிரே பொதிகை மலை. மரங்களுக்கு அப்பால் தாமிரபரணி கண்ணில் பட்டும் படாமலும் கூடவே வந்துகொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது! வெட்டவெளியில், அவன் கியரைக் குறைத்து வேகத்தைக் கூட்டும்போது பின்னாலிருந்து எழுந்த அந்தக் கனத்த முழக்கம், அறுபதைத் தாண்டிய என் உடம்பிலும் ஒரு சிலிர்ப்பை உண்டாக்கியது. இளைஞர்களை இது ஏன் கவர்கிறது என்று கேட்கிறவர்கள் ஒருமுறை அந்த இருக்கையில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஆசையைப் புரிந்துகொள்ளாமல் அறிவுரை சொல்வதில் பயனில்லை.

அரைமணி நேரம் சென்றது. சீரான வேகத்தில், இன்ஜின் நிமிடத்திற்கு 2,500 சுற்றுகளை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, வண்டிக்குள் கும்மென்று ஓர் ஒலி சூழ்ந்துகொண்டது. கிணற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டதைப் போன்ற உணர்வு. அந்தச் சினேகிதன் ரெசனேட்டர் இல்லாமல் குழாயை அமைத்திருந்ததன் விளைவு அது. குழாயின் நீளமும் அந்த வேகத்தின் அதிர்வும் ஒத்துப்போகும் இடத்தில் இப்படி நிகழும். பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கல்லிடைக்குறிச்சியில் தேநீர் குடிக்க இறங்கியபோது என் இடது காதில் இருக்கும் ரீங்காரம் இரு மடங்காகியிருந்தது.

ஆம், என் இடது காதில் பல ஆண்டுகளாக ஓயாத ரீங்காரம் உண்டு. சுவர்க்கோழி ஒன்று உள்ளே குடியிருப்பதைப் போல. நீண்ட காலம் இரைச்சலில் இருந்ததால் நரம்பு பழுதாகிவிட்டது. இதற்கு மீட்சி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பட்டறைச் சத்தத்தின் பங்கு அதில் உண்டு. என் இளமையின் பங்கும் உண்டு.

நானும் ஒரு காலத்தில்...

நான் பிறந்த காலத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு சத்தம் இருந்தது. அது தறிச் சத்தம். மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்த காலம். என் வாப்பா நெசவாளி. காலையில் கண் விழிக்கும்போதே 'தடக்... தடக்...' என்று கேட்கும். அதை யாரும் தொல்லையாக எண்ணியதில்லை. எல்லார் வீட்டு அடுப்பும் அந்தச் சத்தத்தில்தான் எரிந்தது. அதுவும் இஷாவுக்குப் பின் அடங்கிவிடும். பின்னர் தறிகள் குறைந்து, பீடித் தட்டுகள் மடியேறின. தெரு அமைதியானது.

அந்த அமைதியை உடைத்தவன் நான். 1982ஆம் ஆண்டு, வேலையில் சேர்ந்து மூன்றாவது ஆண்டில், பழைய புல்லட் ஒன்றை வாங்கினேன். 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் தயாராகி வரும் அந்த வண்டியின்மீது நம் இளைஞர்களுக்கு இருந்த மோகம் சொல்லி முடியாது. வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றி மூலையில் போட்டேன். 'கோல்ட் ஸ்டார்' மாடல் என்று சொல்லப்பட்ட நீண்ட குழாயை வாங்கி மாட்டினேன். அதுவும் போதவில்லை, உள்ளே இருந்த தடுப்புத் தகட்டையும் உருவி எறிந்தேன். இரவு பத்து, பதினொரு மணிக்கு நான் தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். நான் வாசலில் வந்து நிற்பதற்குள் வாப்பா எழுந்து வந்து கதவின் தாழ்ப்பாளை நீக்கியிருப்பார்கள். என் வண்டிச் சத்தத்தை வாப்பா எவ்வளவு சரியாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டதுண்டு!

ஒருநாளும் அவர்கள் என்னைக் கண்டித்ததில்லை. "வந்துட்டியா?" என்பார்கள். அவ்வளவுதான்.

1989ஆம் ஆண்டு வாப்பா வஃபாத்தானார்கள். மூன்றாம் நாள், எதிர்வீட்டு மூதாட்டி எங்கள் உம்மாவைப் பார்க்க வந்திருந்தார்கள். இதய நோயாளி. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்:

"ஒங்க வாப்பா மாதிரி மனுசரைப் பார்க்க முடியாது தம்பி. நீ ராத்திரி வண்டியில வந்த மறுநாளெல்லாம் காலையில எங்க வாசல்ல வந்து நின்னு, 'தூக்கம் கெட்டிருக்கும், பொறுத்துக்குங்க, சின்னப் பையன்'னு சொல்லிட்டுத்தான் தறியில போய் உட்காருவாரு. எங்க வீட்டுக்கு மட்டுமா? நாலு வீட்டுக்கும் போவாரு."

எனக்கு அப்போது முப்பதை நெருங்கிய வயது. சின்னப் பையனாம்!

ஏழு ஆண்டுகளாக என் இன்பத்துக்கு வாப்பா வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாளே பழைய சைலன்சரைத் தேடி எடுத்துத் துருவைத் தேய்த்து மாட்டினேன். ஆனால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கேட்க வேண்டியவர் மண்ணறைக்குப் போய்விட்டார்.

சுப்ஹுக்குப் பின்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திரும்பி வந்து, வண்டியை இரவு தங்கை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். மறுநாள் சுப்ஹு தொழுதுவிட்டுச் சினேகிதனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இருவரும் பள்ளிவாசலிலிருந்து வந்தோம். இன்னும் முழுதாக வெளிச்சம் வரவில்லை. பொத்தானை அழுத்தினான்.

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜினை முதலில் இயக்கும்போது கணினி அதை வேண்டுமென்றே வேகமாகச் சுழல வைக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி வெப்பத்தை எட்டினால்தான் வேலை செய்யத் தொடங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே வண்டி நிற்கும் நிலையில் மிகுந்த சத்தம் எழுவது இந்த முதல் ஒரு நிமிடத்தில்தான். வயல்வெளியில் இனித்த அதே முழக்கம், இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருவில், சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது. வீட்டுக்குள்ளிருந்து வீறிட்ட ஓர் அழுகுரல் கேட்டது.

அவனுடைய தங்கை பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இரவு முழுதும் கண் விழித்துவிட்டு, அப்போதுதான் தாயும் பிள்ளையும் கண்ணயர்ந்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் ஒரு சன்னல் திறந்தது. ஒரு முதியவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சன்னலை மூடிக்கொண்டார்.

மருமகன் சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டான். முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்த மூடிய சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு என்ன தோன்றிற்றோ தெரியாது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "பாய், காலையில தூக்கம் கெட்டிருக்கும். பொறுத்துக்குங்க. எங்க வீட்டுப் பையன்" என்றேன். அடுத்த வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வீட்டு வாசலில் நின்றபோது பக்கத்தில் யாரோ நிற்பதாக உணர்ந்து திரும்பினேன். தலையைக் குனிந்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான். நான்காவது வீட்டில் அவனே பேசினான்.

பிறகு இருவரும் வண்டியை இயக்காமலே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனோம். வழியில்தான் வாப்பாவின் கதையை அவனுக்குச் சொன்னேன். அதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

சட்டம் சொல்வதும் சட்டம் சொல்லாததும்

பாளையங்கோட்டை போகும் வழியில் சட்டத்தைப் பற்றியும் பேசினோம். ஒன்பது இருக்கைகள் வரையுள்ள பயணிகள் காரின் சத்தம் 74 டெசிபலைத் தாண்டலாகாது என்பது தயாரிப்பாளருக்கு அரசு விதித்துள்ள வரம்பு. ஓடும் வண்டியிலிருந்து ஏழரை மீட்டர் தொலைவில் கருவி வைத்து அளப்பார்கள். டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கன்று. 74 என்பது 84 ஆனால், ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிவிடும். நம் செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன.

ஒலி, புகை வரம்புகளை மீறிய வண்டியை ஓட்டினால், 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி முதல் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குப் பறிபோகும். அதே ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நாட்டின் பல நகரங்களில் காவல்துறையினர் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிய காட்சிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். செய்த மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

"துபாயில் இப்படிப் போட்டுக்கொண்டு ஓட்டுவாயா?" என்று கேட்டேன்.

"அய்யோ மாமா! ரெண்டாயிரம் திர்ஹம் அபராதம்; லைசென்சுல பன்னிரண்டு கரும்புள்ளி!" என்றான். அமீரகத்தின் 2017ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகள் அவ்வாறுதான் விதித்தன.

"அங்கே அயலார் தூங்க வேண்டும் என்பதற்காக அடங்கி ஓட்டுகிற நீ, இங்கே சொந்தத் தங்கச்சி தூங்க வேண்டும் என்பதற்காக அடங்கக் கூடாதா?" என்றேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பாளையங்கோட்டைக்குள் நுழைந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நெருங்கி நிற்கும் ஊர் அது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பார்வையற்றோர் பள்ளி ஒன்றும் அங்கே உண்டு. வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடக்கிற ஒருவருக்குக் காதுதான் கண். எந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைச் சத்தத்தைக் கொண்டே அவர் அறிகிறார். நம் ஒரு வண்டியின் முழக்கம் மற்ற எல்லா வண்டிகளின் ஓசையையும் மூடிவிட்டால், அந்த நிமிடம் அவருடைய கண்ணைக் கட்டிவிட்டோம் என்பதே பொருள். 'சத்தமாக இருந்தால்தானே மற்றவர்கள் விலகுவார்கள். பாதுகாப்புத்தானே' என்று வாதிடும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். மேலும் புகைக்குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. ஆபத்து இருப்பதோ பெரும்பாலும் முன்னால்!

முடிவு

விலைப்பட்டியல் இருந்த தாளை அவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வண்டியின் அசல் சைலன்சர் அப்படியே இருக்கிறது. அந்த மாடலுக்கு நிறுவனமே இரட்டைக் குழாய் வைத்து, விதிக்கு உட்பட்டு, சற்றுக் கனத்த குரலைத்தான் கொடுத்திருக்கிறது. அதுவே போதும் என்று சொல்லிவிட்டான். ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் நான்கு நல்ல டயர்களும் புதிய பிரேக் பேடுகளும் வாங்கினோம். வேகமாக ஓடுகிற வண்டிக்கு முதல் தேவை, நினைத்த இடத்தில் நிற்பதுதான்.

ஓட்டப்பந்தய ஆசை உள்ளவர்களுக்கு அதற்கென்றே இடங்கள் உள்ளன. முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் அமைந்தது. மருமகனின் கார் பிறந்த ஊரும் அதுவே! கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் ஒரு தடம் உண்டு. உறுமலையும் வேகத்தையும் அங்கே போய் அனுபவிக்கலாம். அங்கே தொட்டில் இல்லை.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில சொற்கள்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ரெசனேட்டரும் மஃப்ளரும் இரண்டும் இருக்க வேண்டும். குழாயின் விட்டம் அசலை ஒட்டியே இருக்கட்டும். வேகத்தடையில் உரசாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். பற்றவைத்த இடங்களில் கசிவு உள்ளதா என்று, நல்ல காற்றோட்டமான இடத்தில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்குமுன் வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை உங்கள் தெருவில் நிறுத்தி இயக்கிப் பாருங்கள். நீங்கள் உள்ளே இருக்காதீர்கள். வேறொருவரை இயக்கச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் போய் நின்று கேளுங்கள். சைலன்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் ஓட்டுநர் இருக்கையன்று, எதிர்வீட்டு வாசல்தான்.

லுக்மானுல் ஹக்கீம் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையில் நிதானத்தையும் குரலில் தாழ்மையையும் வலியுறுத்தியதை நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். வண்டியில் ஏறியதும் அந்த நடையும் குரலும் நம்முடையவை அல்ல என்று ஆகிவிடுமா?

மருமகன் துபாய் திரும்பிவிட்டான். வாரத்திற்கொரு முறை நான்தான் போய் வண்டியை இயக்கி வைக்கிறேன். சென்ற வாரம் போனபோது அந்தப் பிள்ளை திண்ணைத் தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினை இயக்கினேன், விழிக்கவில்லை. எதிர்வீட்டு முதியவர் சன்னலருகே அமர்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். தலையை உயர்த்தி எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.

என் காதின் ரீங்காரம் இதை எழுதும்போதும் ஓயவில்லை. அது எனக்குரிய கணக்கு. என் பொருட்டு நான்கு வாசல்களில் நின்ற மர்ஹூம் வாப்பா அவர்களின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கி, அமைதியால் நிரப்புவானாக! ஆமீன்.